டிசிபி சோதனையில் மதிப்பு ஏறிக்கொண்டே போவது பற்றி

டிசிபி (டபுள் கேன்டிலீவர் பீம்) சோதனையில் அடுக்குப் பட்டையின் இரண்டு பாதிகளையும் ஒரு முனையில் பிரித்து இழுத்து, அடுக்குகளுக்கு நடுவில் விரிசல் ஓட எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று அளக்கிறோம். உங்கள் கார்பன்-எபாக்ஸி பட்டையில் அந்த ஆற்றல் விரிசல் தொடங்கும்போது 260 ஜூல்/ச.மீ., 40 மி.மீ. நகர்ந்தபின் 610 என்று எழுதியிருக்கிறீர்கள். இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். எல்லா நார்களும் ஒரே திசையில் இருப்பதால் பக்கத்து அடுக்குகளின் நார்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். விரிசல் போன பிறகும் அவை இரண்டு பக்கத்தையும் பாலம் போலப் பிடித்து இழுக்கும். பட்டையைப் பக்கவாட்டில் பாருங்கள், மயிரிழை மாதிரி தெரியும். நிஜப் பாகங்களில் விரிசல் பெரும்பாலும் வெவ்வேறு கோண அடுக்குகளுக்கு நடுவில்தான் ஓடும். அங்கே இவ்வளவு பாலம் இருக்காது. அதனால் 610-ஐப் பொருளின் குணம் என்று வடிவமைப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். தொடக்க மதிப்புதான் முக்கியம். விரிசல் நீளத்தோடு மதிப்பு ஏறும் வளைவையும் கூடவே காட்டுங்கள்.

ஆனால் உங்கள் 260-ம் எனக்கு உறுத்துகிறது. விரிசலைத் தொடங்கிவைக்க அடுக்குகளுக்கு நடுவில் 40 மைக்ரான் டெஃப்லான் படலம் வைத்தேன் என்கிறீர்களே! இந்தச் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் டி5528 தரநிலை கேட்பது 13 மைக்ரானுக்கு மிகாத படலம். தடித்த படலத்தின் நுனியில் ரெசின் (நார்களைப் பிணைக்கும் எபாக்ஸி) தேங்கி நிற்கும், அதை உடைக்கக் கூடுதல் ஆற்றல் போகும். தொடக்க மதிப்பு பொய்யாக உயரும். மீதிப் பட்டைகளில் விரிசலை 3-5 மி.மீ. மட்டும் ஓடவிட்டு, சுமையை இறக்கி, அந்த இயற்கை நுனியிலிருந்து மறுபடி ஏற்றிப் பாருங்கள். இரண்டு மதிப்பையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அப்புறம், விரிசல் நுனி கண்ணுக்குத் தெரிய, பட்டையின் ஓரத்தில் ஒயிட்னர் மெல்லிசாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் அதில் விழுந்த கீறலைத்தான் அளப்பீர்கள். நானே ஒரு வாரம் அப்படி அளந்திருக்கிறேன்.