கடற்பாசிக் கரைசல் கேனில் உப்பிக் கறுத்துவிட்டது: இனி பயன்படுத்தலாமா?

கேள்வி: இராமநாதபுரம் கடலோரத்தில் அரை ஏக்கரில் கத்தரி, மிளகாய் போட்டிருக்கிறேன். கரையில் ஒதுங்கிய கட்டக்கோரைப் பாசியை டிரம்மில் ஊறவைத்து, வடிகட்டி, ஐந்து கேன்களில் இறுக மூடி மோட்டார் அறையில் வைத்தேன். நான்கு மாதம் ஆகிறது. இரண்டு கேன் உப்பி, கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. மற்றதை 10 லிட்டர் டேங்க்குக்கு 1 லிட்டர் கலந்து அடித்தேன். தெளிப்பான் நாசில் அடைத்தது, கத்தரி இலையோரம் கருகியது. இதை எப்படிக் கெடாமல் வைப்பது? எவ்வளவு அடிப்பது?

பதில்: முதலில் அந்த இரண்டு கேன்களையும் மோட்டார் அறையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். திறந்த வெளியில், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் திருகிக் காற்றை மெல்ல விடுங்கள். கடற்பாசியில் கந்தகம் அதிகம். காற்றே புகாமல் மூடிவிட்டால் சில பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். அடைத்த அறைக்குள் அந்த வாயு ஆளையே மயக்கிவிடும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கறுத்த கரைசலை இலையில் அடிக்க வேண்டாம். வாயகன்ற டிரம்மில் ஊற்றி, வெளியில் வைத்து, மூன்று நான்கு நாள் காலையும் மாலையும் கம்பால் கலக்குங்கள். நாற்றம் தணிந்ததும் 1 லிட்டருக்கு 20 லிட்டர் தண்ணீர் சேர்த்துத் தென்னைக்கு, தூரிலிருந்து மூன்றடி தள்ளி ஊற்றலாம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். கத்தரிப் பாத்திக்கு வேண்டாம்.

இலை கருகியதற்குக் காரணம் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பாசியோடு 2 லிட்டர் கடல்நீர் ஒட்டி வந்தாலே 70 கிராம் டிரம்முக்குள் போய்விடும். உங்கள் பகுதியில் கிணற்று நீரே உவர்ப்பாக இருக்க வாய்ப்புண்டு. அதில் பத்தில் ஒரு பங்கு கரைசலைக் கலந்து வெயிலில் அடித்தால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் இலையோரத்தில் தங்கிவிடும். நாசில் அடைத்தது வேறு காரணத்தால். கட்டக்கோரையில் உள்ள ஆல்ஜினேட் என்னும் கொழகொழப்பு, சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் பட்டால் கட்டிகட்டியாகத் திரளும். போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி), கால்சியம் நைட்ரேட் உரம் இரண்டோடும் இதே டேங்க்கில் சேர்க்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். கரையில் புதிதாக ஒதுங்கிய பாசியை மட்டும் எடுங்கள். ஆலைக் கழிவு கலக்கும் இடத்துப் பாசி வேண்டாம். தீவுகளைச் சுற்றிப் போய்ப் பறிக்காதீர்கள், அந்த 21 தீவுகளும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. சிப்பி, மணலைப் பொறுக்கி உதறிவிட்டு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். சிப்பி கிடந்தால் அதன் சுண்ணாம்பு கரைசலைப் புளிக்கவிடாது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்முக்கு, பொடியாக நறுக்கிய ஈரப்பாசி 40 கிலோ, தண்ணீர் 130 லிட்டர், வெல்லம் 4 கிலோ, புளித்த மோர் 2 லிட்டர். வெல்லத்தைக் குறைக்காதீர்கள், பாசியில் உள்ள மாவுப்பொருளை மோரின் பாக்டீரியாவால் எளிதில் உண்ண முடியாது. வெல்லம்தான் அதற்குத் தீனி, அது புளித்தால்தான் கரைசல் நிலைக்கும். வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்து, தினமும் ஒரு முறை கலக்குங்கள். 30 முதல் 45 நாளில் புளித்த மோர் வாசனை வரும்.

கரைசல் கெடாமல் இருக்குமா என்பதைப் புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் பாருங்கள். 4 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வைக்கலாம். 4-க்கு மேல் இருந்தால் லிட்டருக்கு 20 மி.லி. வினிகர் ஊற்றிக் கலக்கி மறுபடி பாருங்கள்; போதாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பிறகு கொசுவலையிலும் அடுத்து இரட்டைக் காடாத் துணியிலும் வடித்து, ஒரு நாள் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் கேனில் ஊற்றுங்கள். அடி வண்டலைக் கம்போஸ்ட் குழிக்குப் போடுங்கள். வண்டலோடு ஊற்றினால் கேனுக்குள் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

கேன் வெளிச்சம் புகாத கறுப்போ நீலமோ ஆக இருக்கட்டும். இரும்பு வேண்டாம், அமிலம் அரித்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு நிரப்புங்கள். முதல் மூன்று வாரம் மூடியைத் தளர்வாக வையுங்கள். குமிழி நின்ற பிறகு இறுக்கலாம். இடம், காற்றோட்டமான நிழல். பாசியிலுள்ள வளர்ச்சி ஊக்கிகள் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சிதையும். அதனால் இலையில் அடிப்பதற்கு மூன்று மாதம்தான் கணக்கு; அதற்குப் பின் மண்ணுக்கு மட்டும். கேன் மேல் வடித்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

அளவு: 10 லிட்டர் டேங்க்குக்கு 200 மி.லி., நாற்றுக்கு 100 மி.லி. போதும். நட்ட 15-ஆம் நாள் தொடங்கி, காய்ப்பு முடியும்வரை 15 நாளுக்கு ஒரு முறை, காலை ஒன்பதுக்கு முன்போ மாலை நான்குக்குப் பின்போ அடியுங்கள். முதலில் ஐந்து செடிக்கு அடித்து இரண்டு நாள் பாருங்கள். தண்ணீர் கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்காதீர்கள். கத்தரியில் அடித்த பின் பறிக்க ஒரு வார இடைவெளி விடுங்கள். பச்சையாகத் தின்னும் கீரை வகைக்கு இலைவழி வேண்டாம். இதில் சாம்பல் சத்தும் நுண்சத்தும் உண்டு, தழைச்சத்தும் மணிச்சத்தும் சொற்பம். தொழு உரத்தையோ அடியுரத்தையோ இதை நம்பிக் குறைத்தால் மிளகாய் வெளுத்துவிடும்.

என்னைக் கேட்டால், ஐந்து கேன் சேர்த்து வைப்பதே தேவையில்லை. கரைசலாக வைப்பதைவிடப் பாசியாக வைப்பது எளிது. அலசிய பாசியை நிழலில், முறித்தால் ஒடியும் அளவுக்குக் காயவையுங்கள். 10 கிலோ ஈரப்பாசி ஒன்றரைக் கிலோவுக்குள் சுருங்கிவிடும். ஈரம் படாத பையில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வைத்தால் ஒரு வருடம் கெடாது. அரை ஏக்கருக்கு ஒரு முறை அடிக்க 100 லிட்டர் தெளிக்கும் நீர் என்றால் 2 லிட்டர் கரைசல்தானே வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 20 லிட்டர் வாளியில், 600 கிராம் காய்ந்த பாசி, 15 லிட்டர் தண்ணீர், 400 கிராம் வெல்லம், 200 மி.லி. மோர் போட்டு ஊறவையுங்கள். மீதமாவது தென்னைக்குப் போகட்டும்.