எஞ்சின் காட்டும் எண்ணும் ஸ்டடியின் வெற்றியும்

அன்புள்ள ஐயா,

முடிவாட்ட ஸ்டடிகளை, அதாவது சில காய்களே மிஞ்சிய நிலையில் ஒரே தீர்வோடு அமைக்கப்படும் செஸ் புதிர்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மன்னார்குடியில் கணித ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். வார இறுதிகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். கோடை விடுமுறையில் நானே ஒரு ஸ்டடியை அமைத்தேன். பலகையில் ஒன்பது காய்கள். வெள்ளை ஆடி வெல்ல வேண்டும். அதை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினில் (நகர்த்தல்களைக் கணக்கிடும் கணினி நிரல்) இட்டு இரவு முழுவதும் ஓடவிட்டேன். தேடும் ஆழம் 45-ஐத் தாண்டிய பிறகும் வெள்ளைக்குச் சாதகமாக +5 என்ற அளவிலேயே காட்டியது. வகுப்பில் இதைச் சொன்னபோது, “அஞ்சுன்னா ஜெயிச்சாச்சுன்னு அர்த்தமா சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. மூன்றாவது நகர்த்தலில் நான் தீர்வாக வைத்திருப்பது ஒரு ராஜா நகர்த்தல். வேறொரு ராஜா நகர்த்தலுக்கும் எஞ்சின் ஏறக்குறைய அதே எண்ணைத் தருகிறது. தீர்வு ஒன்றே இருக்க வேண்டும் என்பதால் என் ஸ்டடி கெட்டுவிட்டதா? அடுத்தது, கறுப்பின் ஒரு தற்காப்பில் கடைசியாக வெள்ளைக்கு இரண்டு பிஷப்புகளும் கறுப்புக்கு ஒரு குதிரையும் மட்டுமே மிஞ்சுகின்றன. டேபிள்பேஸை, அதாவது காய்கள் குறைந்த நிலைகளுக்கு முழு விடையும் பதிந்த தரவுத்தளத்தை, இணைத்தவுடன் அந்தக் கிளையில் +5 பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. லிசெஸ் இணையதளத்தில் பார்த்தால், 50 நகர்த்தல் விதியால் (ஐம்பது நகர்த்தல்கள்வரை எந்தக் காயும் வெட்டுப்படாமல், சிப்பாயும் நகராமல் இருந்தால் டிரா கேட்கலாம் என்ற விதி) வெற்றி தடுக்கப்படுகிறது என்று வருகிறது. இதை வெற்றி என்பதா, டிரா என்பதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாணவியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டு சந்தேகங்களும் அதிலிருந்து கிளைத்தவைதாம். எஞ்சின் காட்டும் எண் ஒரு மதிப்பீடு. 2022-இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் அந்த எண்ணுக்குத் தெளிவான பொருள் ஒன்று தரப்பட்டிருக்கிறது: +1 என்றால், எஞ்சின் தன்னோடு தானே ஆடும் ஆட்டங்களில் அந்த நிலையிலிருந்து வெல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. +5 என்றால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய முழுமை. போட்டியில் ஆடுகிறவருக்கு அது போதும். ஸ்டடியை அமைக்கிறவருக்குப் போதாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில், நீடாமங்கலம் போகும் வழியில் இருக்கும் பூவனூரில், இறைவன் அரசன் மகளைச் சதுரங்கத்தில் வென்று மணம் முடித்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அங்கே எதிரில் ஒருவர் இருந்தார், ஓர் ஆட்டம் நடந்தது, வெற்றி தீர்மானமாயிற்று. “வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்” என்று எழுதும்போதோ, கறுப்பு எந்த வழியில் தப்ப முயன்றாலும் வெள்ளைக்கு வெற்றி உண்டு என்றும், அந்த வெற்றிக்கு ஒரே வழிதான் உண்டு என்றும் நாம் வாக்குக் கொடுக்கிறோம். இந்த இரண்டில் எதைப் பற்றியும் +5 நேரடியாக எதையும் சொல்வதில்லை.

நடவுக்கு முன் வரப்பைச் சுற்றி வருகிறவர் ஒரு நண்டு வளையைக் கண்டால், தண்ணீர் நிற்காது என்பது அப்போதே உறுதியாகிவிடுகிறது. ஒன்றையும் காணாமல் வீடு திரும்பினால், வளை இல்லை என்று ஆகிவிடாது. எஞ்சின் சோதனையும் இத்தகையதே. கறுப்புக்கு ஒரு டிரா வழியை எஞ்சின் காட்டி, அந்த வழி கடைசிவரை நிற்கிறது என்று நீங்கள் ஆடிப் பார்த்துவிட்டால், ஸ்டடி முடிந்தது. அதற்கு மேல் வாதம் இல்லை. எஞ்சின் ஒன்றையும் காட்டவில்லை என்றால், அது தேடிய ஆழத்துக்குள் தென்படவில்லை என்பது மட்டுமே பொருள். ஆகவே எஞ்சினை உங்கள் சாட்சியாக நிறுத்தாமல், உங்கள் ஸ்டடியை உடைக்க வந்த எதிராளியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையில் அதற்கு இணை இன்று எவரும் இல்லை.

அது தடுமாறும் இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்டடி அமைப்பவர்கள் விரும்பிப் போகும் இடங்களும் அவையே. ஒன்று, கோட்டை கட்டிக்கொள்ளும் தற்காப்பு. காய்க்கணக்கில் மிகவும் பின்தங்கிய பக்கம், எதிராளி உள்ளே நுழைய வழியே இல்லாதபடி பூட்டிக்கொண்டு ராஜாவை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்கும். 2017-இல் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் பெயரில் பரவலான நிலை இதற்கு நல்ல சான்று. அதில் ஒரே நிறக் கட்டத்தில் செல்லும் மூன்று பிஷப்புகள் கறுப்புக்கு இருக்கும்; எஞ்சின்கள் கறுப்புக்குப் பெரும் வெற்றி என்று காட்டின; பலகையைப் பார்க்கும் மனிதருக்கோ வெள்ளை எளிதாக டிரா செய்துகொள்ளும் என்பது சற்று நேரத்தில் புலப்பட்டுவிடும். எனவே எஞ்சின் தரும் எண்ணைவிட அதன் போக்கைக் கவனிப்பது பயன் தரும். தீர்வை இருபது முப்பது நகர்த்தல்கள் மேலே ஆடவிட்டுப் பாருங்கள். வெற்றி உண்மையானால் எண் ஏறிக்கொண்டே போய் செக்மேட்டாக (சுருக்கமாக, மேட்) முடியும். +5 அங்கேயே நின்று, காய்கள் மட்டும் இங்குமங்கும் உலாவினால் கோட்டை இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, ஸுக்ஸ்வாங். எதை நகர்த்தினாலும் கெடுதல், ஆனால் நகர்த்தாமலும் இருக்க முடியாது என்ற நிலை. எஞ்சின்கள் வேகத்துக்காக ஒரு குறுக்குவழியைக் கையாளுகின்றன: தன் முறையை விட்டுக்கொடுத்தாலும் நிலை நன்றாகவே இருக்கிறது என்று கண்டால் அந்தக் கிளையை மேலும் தோண்டாமல் விட்டுவிடும். ஸுக்ஸ்வாங்கில் முறையை விட்டுக்கொடுப்பதே ஆகச் சிறந்த நகர்த்தலாக இருக்கும் என்பதால் இந்தக் கணக்கு அங்கே பொய்த்துவிடும். ஒரு பக்கத்தில் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் இருந்தால் ஸ்டாக்ஃபிஷ் அந்தப் பக்கத்துக்கு இதைப் பயன்படுத்துவதில்லை. குதிரையோ பிஷப்போ கூட இருந்தால் பயன்படுத்தும். அதற்கு மறுசோதனை வைத்திருந்தாலும் சில நிலைகளில் உண்மையை எட்ட நெடுநேரம் பிடிக்கிறது. இதற்கு மருந்து, தீர்வின் கடைசி நிலையிலிருந்து பின்னோக்கி வருவது. கடைசி நிலையை வைத்து எஞ்சினை ஓடவிட்டு, தெளிவான விடை வந்த பிறகு ஒரு நகர்த்தல் பின்னால் போய் மறுபடியும் ஓடவிடுங்கள். அது கண்டறிந்தவை நினைவகத்தில் தங்கியிருப்பதால், தொடக்க நிலையிலிருந்து ஓர் இரவில் எட்டாததைப் பின்னாலிருந்து சிறிது நேரத்திலேயே எட்டிவிடும்.

உங்களிடம் ஒன்பது காய்கள் இருப்பது பெரிய வசதி. டேபிள்பேஸ் தருவது மதிப்பீடு அல்ல, தீர்ப்பு. ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு நகர்த்தலும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்று அதில் பதிந்திருக்கிறது. சிஸிஜி என்ற டேபிள்பேஸ் தொகுப்பு ஐந்து காய்கள்வரை ஏறக்குறைய 1 ஜிபி, ஆறு காய்கள்வரை 150 ஜிபி அளவு. வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். 2018-இல் நிறைவடைந்த ஏழு காய்த் தொகுப்பு 17 டெராபைட்டைத் தொடுவதால் அதை லிசெஸ்ஸில் பார்த்துக்கொள்வதே வழி. உங்கள் ஸ்டடியில் இரண்டு காய்கள் வெட்டுப்பட்டால் ஏழு. அதற்குப் பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை. ஆகவே எஞ்சினை நம்பியிருக்க வேண்டிய பகுதி, இரண்டாவது வெட்டு நிகழும்வரையுள்ள பகுதி மட்டுமே. கறுப்பு எதையும் வெட்டாமல், எதையும் வெட்டவிடாமல் இழுத்தடிக்கும் கிளைகளைத் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்டடி கெடுவதாக இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் கெடும். ஒவ்வொரு கிளையையும் மேட்டில் அல்லது ஏழு காய்களில் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை விடாதீர்கள்.

இனி மூன்றாவது நகர்த்தல். இதை விளக்கப் புகழ்பெற்ற சாவேத்ரா நிலையைவிடப் பொருத்தமானது இல்லை. 1895-இல் கிளாஸ்கோவின் வார இதழ் ஒன்றில் செஸ் பத்தி எழுதிவந்த பார்பியே இதை டிரா என்று வெளியிட்டார். அந்நகரில் வாழ்ந்த ஃபெர்னாண்டோ சாவேத்ரா என்ற பாதிரியார் இதில் வெள்ளைக்கு வெற்றி இருக்கிறது என்று காட்டினார். இன்று வழங்கும் வடிவில் வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6 (எழுத்து பலகையின் நிரலையும், எண் வரிசையையும் குறிக்கும்). கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை சிப்பாயை சி7-க்குத் தள்ளுகிறது. யானை டி6-இல் செக், ராஜா பி5. யானை டி5-இல் செக்; ராஜா பி4. டி4-இல் செக், ராஜா பி3. டி3-இல் செக்; ராஜா சி2. இப்போது யானை டி4-க்குப் போய்ப் பொறி வைக்கிறது: சிப்பாய் சி8-இல் ராணியானால் யானை சி4-இல் செக் கொடுக்கும், ராணி அதை வெட்டினால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே கறுப்புக்கு நகர வழியின்றி டிரா. சாவேத்ரா கண்டது, சி8-இல் யானையாக மாற்றுவது. அடுத்து ஏ8-இல் மேட் மிரட்டல் இருப்பதால் கறுப்பு யானை ஏ4-க்கு வந்தாக வேண்டும். ராஜா பி3-க்கு வந்து யானையைத் தாக்குவதோடு சி1-இல் மேட்டையும் மிரட்டுகிறது. கறுப்புக்கு மீட்சி இல்லை.

நான்கே காய்கள் என்பதால் டேபிள்பேஸ் நொடியில் விடை சொல்லும். மூன்றாவது நகர்த்தலில், யானை டி5-இல் செக் கொடுத்திருக்கும் இடத்தில், அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். பி4 வெற்றி என்பதோடு பி6-ம் வெற்றி என்று சொல்லும். சாவேத்ராவின் தீர்வு இதனால் கெட்டதா? ராஜா பி6-க்குத் திரும்பினால் பலகையில் இருப்பது முதல் நகர்த்தலுக்குப் பிறகு இருந்த அதே நிலை. யானை மறுபடியும் டி6-இல் செக் கொடுக்கும், ராஜா மறுபடியும் பி5-க்கு வரும், கடைசியில் பி4-க்கு வந்தே தீர வேண்டும். இது வேறு வழி இல்லை, அதே வழியில் ஒரு சுற்று வீணாக்கியது. இத்தகைய கால விரயத்தை ஸ்டடி உலகில் குறையாகக் கொள்வதில்லை. நகர்த்தலை மட்டும் பார்த்து வெற்றி என்று குறிக்கும் எஞ்சினுக்கும் டேபிள்பேஸுக்கும் இந்த வேறுபாடு தெரியாது. அதைப் பிரித்தறிவது நம் பொறுப்பு.

உங்கள் இரண்டாவது ராஜா நகர்த்தலையும் இப்படியே விசாரியுங்கள். அதை ஆடிவிட்டு, கறுப்புக்கு ஆகச் சிறந்த பதிலைக் கொடுத்து, வெள்ளை எங்கே போய் வெல்கிறது என்று தொடர்ந்து செல்லுங்கள். உங்கள் தீர்வில் ஏற்கெனவே வந்த நிலைக்குத் திரும்பாமல் வெல்ல முடியாது என்றால் கவலை வேண்டாம். திரும்பாமலே வெல்ல முடிகிறது என்றால் அது குக், அதாவது ஸ்டடியைக் கெடுக்கும் இரண்டாவது தீர்வு. ஸ்டடியைத் திருத்தித்தான் ஆக வேண்டும். எஞ்சினில் பல வழிகளை ஒரே நேரத்தில் காட்டும் வசதியை இயக்கி வைத்துக்கொண்டு வெள்ளையின் ஒவ்வொரு நகர்த்தலிலும் இரண்டாவது இடத்தில் வருவதைப் பாருங்கள். முதலிடத்தில் வருவது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதானே.

இரண்டு பிஷப், ஒரு குதிரை என்ற முடிவாட்டத்துக்கு நீண்ட கதை உண்டு. 1851-இல் ஸ்டடி அமைப்பாளர்களான கிளிங்கும் ஹார்விட்ஸும் குதிரைக்கு ஒரு கோட்டை நிலையைக் காட்டியது முதல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதை டிரா என்றே நம்பிவந்தார்கள். 1983-இல் கணினி அறிஞர் கென் தாம்ஸன் இந்த ஐந்து காய்களுக்குக் கணினியில் முழுக் கணக்கு எடுத்தபோது, அந்தக் கோட்டையை உடைக்க முடியும் என்றும், பொதுவாக இது வெற்றி என்றும், குதிரையை வெட்ட 66 நகர்த்தல்கள்வரை ஆகலாம் என்றும் தெரிந்தது. இத்தகைய கண்டுபிடிப்புகளால் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே சில முடிவாட்டங்களுக்கு 50 நகர்த்தல் வரம்பை நீட்டிப் பார்த்தது; 1992-இல் எல்லாவற்றுக்கும் 50 என்ற பழைய விதிக்கே திரும்பிவிட்டது. சிஸிஜி அந்த விதியைக் கணக்கில் கொண்டு அமைக்கப்பட்டது. ஆகவேதான் உங்கள் எண் பூஜ்யத்துக்கு இறங்கியது.

ஸ்டடிக்கு அந்த விதி பொருந்தாது. செஸ் அமைப்புக் கலைக்கென்று உள்ள கோடெக்ஸ், வெளிப்படையாகக் குறிப்பிட்டாலன்றி 50 நகர்த்தல் விதி தீர்வுகளுக்குச் செல்லாது என்கிறது. ஒரு நிலை எப்படி வந்தது என்று பின்னோக்கி ஆராயும் முன்னாட்ட ஆராய்ச்சிப் புதிர்கள் மட்டுமே விலக்கு. எனவே உங்கள் கிளை வெற்றியே. ஸ்டாக்ஃபிஷ்ஷின் அமைப்புகளில் சிஸிஜிக்கான 50 நகர்த்தல் விதியை நிறுத்திவிட்டால் அதுவும் வெற்றி என்றே காட்டும். பிள்ளைகளிடம் மட்டும் இதைப் பிரித்துச் சொல்லுங்கள்: போட்டிப் பலகையில் அதே நிலையில் எதிராளி 50 நகர்த்தல்களை எண்ணி டிரா கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

விதிப்படி சரி என்பதோடு நான் நிறைவடைய மாட்டேன். அறுபது நகர்த்தல்கள் நீளும், எந்த மனிதரும் காரணம் சொல்ல முடியாத ஒரு வெற்றி, தீர்வின் மையத்தில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பக்கக் கிளையாக இருந்தால், டேபிள்பேஸ் வெற்றி என்று ஒரு வரி குறித்துவிட்டுப் போகலாம். கறுப்புக்கு அதுவே ஆகச் சிறந்த தற்காப்பு என்றால், தீர்க்கிறவர் அழகான பகுதியைக் கடந்து வந்து ஒரு பாலைவனத்தில் நிற்பார். சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் முன்னோ பின்னோ வைத்து, குதிரை உடனே பிடிபடும்படி செய்ய முடியுமா என்று பாருங்கள். அப்படி ஒரு காயை நகர்த்திவிட்டால் இதுவரை செய்த சோதனைகள் எதுவும் செல்லாது. கடைசி நிலையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் பார்க்க வேண்டும்.

போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், ஹரோல்ட் வான் டெர் ஹெய்டன் தொகுத்திருக்கும் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதில் 93 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டடிகள் உள்ளன. உங்கள் இறுதி நிலையை வேறொருவர் முன்பே கண்டிருக்கக்கூடும். அனுப்பும்போது தீர்வோடு, கறுப்பு இழுத்தடிக்கும் கிளைகளை எழுதிய அந்தத் தாளையும், இரண்டாவது ராஜா நகர்த்தல் ஏன் கால விரயம் என்ற விளக்கத்தையும் இணையுங்கள். நடுவர் முதலில் எஞ்சினில் இட்டுப் பார்க்கப்போவது அந்த இடத்தைத்தான்.