கேளுங்கள், சொல்கிறேன்: கணக்கு ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: ஆசிரியர் பயிற்சியை முடிக்கப்போகிறேன், ஐயா. எதைக் கேட்டாலும் செயற்கை நுண்ணறிவு நொடியில் விடை தருகிறது. நல்ல ஆசிரியராக நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: தவறான விடைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அம்மா.

மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், சில பிள்ளைகள் ஏழில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிடுவார்கள். அதை அடித்துவிட்டு, பன்னிரண்டில் ஏழு என்று எழுதிக் கொடுப்பது எளிது. கைப்பேசியே அதைச் செய்யும், படிப்படியாக விளக்கமும் தரும். ஆனால் அந்தப் பிள்ளை எப்படி யோசித்திருக்கும்? மூன்று கேள்விகளில் ஒன்று சரி, அடுத்த நான்கில் ஒன்று சரி. மொத்தம் ஏழில் இரண்டு சரி. மதிப்பெண்ணை நாமே அப்படித்தானே கூட்டுகிறோம்! பிள்ளையின் தவறுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

அங்கே நல்ல ஆசிரியர், “சரி, மூன்றில் ஒன்று பெரிதா, ஏழில் இரண்டு பெரிதா?” என்று கேட்பார். வகுத்துப் பார்த்தால் முதலாவது 0.33. இரண்டாவது 0.29கூட வராது. “கூட்டின பிறகு எப்படிக் குறைந்தது?” என்றதும் பிள்ளை திடுக்கிட்டு நோட்டைத் திரும்பப் பார்க்கும். அந்தத் திடுக்கிடலை உண்டாக்கத் தெரிவதுதான் இந்தத் தொழில் என்பேன். தன் தவறைக் காட்டிக் கேட்டால் இயந்திரமும் விளக்கும், மறுக்கவில்லை. தவறியதே தெரியாத பிள்ளை எப்படிக் கேட்கும்?

பாடம் தெரிந்திருப்பது வேறு, அதில் பிள்ளைகள் எங்கே, ஏன் தடுக்கி விழுவார்கள் என்று தெரிந்திருப்பது வேறு என்பதை அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இலேயே அழுத்திச் சொன்னார்.

அப்புறம், கேள்வி கேட்டபின் கொஞ்சம் பொறுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்காகச் சுமார் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். விடை உடனே வந்து விழும் காலத்தில் யோசிக்க நேரம் கொடுப்பவர் நீங்களாக இருங்கள்.

கேள்வி: நாங்கள் படித்தபோது ஒன்பது கோள்கள், இப்போது எட்டு. நாளைக்கு மாறப்போவதை எப்படிக் கற்பிப்பது?

பதில்: ஏன் மாறியது என்பதோடு சேர்த்துக் கற்பியுங்கள். ஏறக்குறைய புளூட்டோ அளவிலேயே, சூரியனைச் சுற்றிவரும் ஏரிஸ் என்ற இன்னொரு வான்பொருள் கண்டுபிடிக்கப்பட்டதும், கோள் என்றால் என்ன என்று முடிவு செய்தாக வேண்டியிருந்தது. 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் மூன்று நிபந்தனைகள் வைத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையைச் சுற்றிப் பிற பொருள்கள் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். புளூட்டோ மூன்றாவதில் தவறிவிட்டது. இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, புளூட்டோவுக்காக வாதாட யாரையாவது எழுப்பிப் பாருங்கள். ஒரு பாடவேளை போதாது.