வேண்டாம் என்று சொல்ல ஒருவர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருத்தணியில் இருந்துகொண்டு குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம். சினிமாவில் பேர் வாங்கியவர்கள் கட்சி தொடங்கி, நேராக முதலமைச்சர் நாற்காலிக்குப் போட்டி போடுவது சரியா என்பதுதான் விஷயம். ஒரு அரசு வேலைக்கு நாங்கள் முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு என்று வருஷக்கணக்கில் படிக்கிறோம். மாநிலத்தையே ஆள வருகிறவர் ஒரு வார்டு கவுன்சிலராகவாவது இருந்திருக்க வேண்டாமா என்று நான் கேட்டேன். "எம்.ஜி.ஆருக்கும் என்.டி.ஆருக்கும் என்ன அனுபவம் இருந்தது? அவங்க ஆளலையா?" என்கிறார் என் சித்தப்பா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் நகராட்சியில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தங்கள் வாசகி,
திருத்தணி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சித்தப்பா இரண்டு பேரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். முதலில் அவர்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வோம்.

எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் சேர்ந்தது 1953இல். 1962இல் மேலவை உறுப்பினர். 1967இல் பரங்கிமலைத் தொகுதி எம்.எல்.ஏ. 1969இல் கட்சியின் பொருளாளர். 1972 அக்டோபரில் வெளியே அனுப்பப்பட்டு, அ.தி.மு.க.வைத் தொடங்கி, அடுத்த மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் தன் கட்சி வேட்பாளரை ஜெயிக்க வைத்துக் காட்டினார். முதலமைச்சரானது 1977 ஜூனில். மொத்தம் 24 ஆண்டுகள். அதற்கு முன் அவர் மந்திரியாக இருந்ததில்லை, உண்மைதான். 1967இல் அண்ணாவோடு பதவியேற்றவர்களும் அதற்கு முன் மந்திரியாக இருந்ததில்லை. ஆனால் அந்தக் கட்சி 1957இல் 15 பேரோடும் 1962இல் 50 பேரோடும் சட்டமன்றத்தில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தது. பட்ஜெட்டைப் பக்கம் பக்கமாகப் படித்து மந்திரிகளைக் கேள்வி கேட்டே பத்து வருஷம் பழகியவர்கள் அவர்கள். எம்.ஜி.ஆர். சினிமாவிலிருந்து நேராகக் கோட்டைக்கு வந்தார் என்று சொல்கிறவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

என்.டி.ஆர். கதை வேறு. உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறவர் அவர்தான். 1982 மார்ச் 29இல் கட்சி. பழைய செவர்லே வேன் ஒன்றைப் பிரசார வண்டியாக்கி ஆந்திரம் முழுக்கச் சுற்றினார். 1983 ஜனவரி 9இல் முதலமைச்சர். ஒன்பதே மாதம்! அரசாங்க அனுபவம் என்று தேடினால், சினிமாவுக்கு வரும் முன் 1947இல் குண்டூர் மாவட்டத்தில் சுமார் மூன்று வாரம் சார்பதிவாளராக இருந்தது மட்டும்தான். நீங்கள் எழுதப்போகும் குரூப் 2 தேர்வில் வருகிற அதே பதவி.

பதவியேற்று முப்பது நாள் ஆனதும், பிப்ரவரி 8ஆம் தேதி, அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58லிருந்து 55 ஆகக் குறைத்து உத்தரவு வந்தது. 55 வயது கடந்த எல்லோரும் அந்த மாதம் 28ஆம் தேதியோடு வீட்டுக்குப் போக வேண்டும். படித்த இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் என்பது காரணம். நல்ல எண்ணம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அரசு ஊழியர்கள் 18,000 பேருக்கு மேல், பொதுத்துறையில் 10,000 பேர் ஒரே நாளில் வேலையை விட்டு இறங்கினார்கள். கையெழுத்துப் போட்ட முதலமைச்சருக்கு அப்போது வயது 59.

கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்றால் அவர் சம்பளம் மிச்சம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். உள்ளே நடப்பது வேறு. பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், ஓய்வூதியத்தில் தொகுத்துப் பெறும் பணம், சேமநல நிதி எல்லாம் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டியவர்கள் ஒரே நாளில் போனால் மூன்று வருஷச் செலவும் ஒரே நாளில் வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் பணிப்பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும், சரிபார்க்கத் தெரிந்த ஆளும் அதே பட்டியலில் வீட்டுக்குப் போயிருப்பார். காலியிடத்துக்குத் தேர்வு நடத்தி ஆள் எடுக்க எவ்வளவு நாளாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் மூன்று வருஷச் சம்பளத்தை நம்பி மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவர் இருப்பார், வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர் இருப்பார். அவர்களுக்குக் கிடைத்தது இருபது நாள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 1985இல் தீர்ப்பு வந்தது. அதற்குள், 1984லேயே, வயது மறுபடி 58க்குத் திரும்பியிருந்தது.

அனுபவம் இல்லாததால் வந்த வினை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 1989 தொடக்கத்தைப் பாருங்கள். இடையில் ஆளுநரால் நீக்கப்பட்ட ஒரு மாதம் போக, ஆறு வருஷம் ஆண்டு முடித்தவர். பட்ஜெட் விவரம் வெளியே கசிந்தது என்பதற்காகத் தன் மந்திரிசபை முழுவதையும் ஒரே நாளில் நீக்கினார். அந்த வருஷக் கடைசியில் வந்த தேர்தலில் ஆட்சியும் போயிற்று, போட்டியிட்ட இரண்டு தொகுதிகளில் கல்வகுர்த்தியில் அவரே தோற்றார். முப்பதாம் நாளில் எப்படி முடிவெடுத்தாரோ, ஆறாம் வருஷத்திலும் அப்படித்தான் எடுத்தார். அப்படியென்றால் இல்லாமல் போனது அனுபவம் என்று சொல்லிவிட முடியுமா? பக்கத்தில் நின்று "ஐயா, இது வேண்டாம்" என்று சொல்ல ஆள் இல்லை, இருந்தாலும் அவர் குரல் காதில் விழவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர் செய்த நல்லதை நான் மறைக்கவில்லை. பரம்பரையாக வந்த கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தார். தாலுகாவைவிடச் சின்னதான மண்டலம் என்ற நிர்வாகப் பிரிவைக் கொண்டுவந்து அலுவலகத்தைக் கிராமத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தருகிற சட்டம் தமிழ்நாட்டுக்கு 1989இல் வந்தது, நாடு முழுமைக்கும் 2005இல்தான் வந்தது. ஆந்திரத்தில் அவர் காலத்திலேயே வந்துவிட்டது. பழகிய அரசியல்வாதிகள் தொடத் தயங்கியதைப் புது ஆள் தொட்டார் என்பதும் உண்மை.

எம்.ஜி.ஆரும் தவறு செய்யாதவர் இல்லை. 1979இல் பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடுத்த ஜனவரியில் வந்த மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம். மக்கள் சொன்ன "வேண்டாம்" அவர் காதில் விழுந்தது. உத்தரவைத் திரும்பப் பெற்றார், அதோடு நிற்காமல் ஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்த்தினார். கட்சியில் கிடந்த 24 ஆண்டுகள் கற்றுக்கொடுத்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். தோற்பதும், வெளியேற்றப்படுவதும், ஒவ்வொரு ஊரிலும் மாலை வாங்கிக்கொண்டு வருகிறவர்களின் கோபத்தைக் கேட்பதும் அங்கே அன்றாடம் நடப்பவை. படப்பிடிப்புத் தளத்தில் முன்னணி நடிகரிடம் யார் மறுத்துப் பேசுகிறார்கள்?

நீங்கள் ஒன்று கேட்கலாம். எதிர்ப்பைக் கேட்டிருந்தால் 1982இல் சத்துணவுத் திட்டம் வந்திருக்குமா என்று. நியாயமான கேள்வி. பணத்துக்கு எங்கே போவது என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அவர் அதையும் மீறிச் செய்தார், பசியைச் சின்ன வயதிலேயே அறிந்த மனிதர். ஆனால் 1956இலேயே காமராஜர் தொடங்கிவைத்த மதிய உணவு பள்ளிக்கூடங்களில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. சமைப்பது எப்படி, அரிசி வருவது எப்படி என்று தெரிந்த ஆட்கள் ஊரூராக இருந்தார்கள். மறுப்பைக் கேட்டு, யோசித்து, அதையும் தாண்டிப் போவது ஒரு தலைவரின் வேலை. மறுப்பே காதுக்கு வராமல் போவது ஆபத்து.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஹாலிவுட் நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகருக்கும் இப்படி ஒன்று நடந்தது. 2003இல், அதற்கு முன் எந்தத் தேர்தல் பதவியிலும் இருந்திராமல், ஆளுநரானார். அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டில் வந்து மாநிலத்தை ஆள்பவர். 2005 நவம்பரில் நான்கு யோசனைகளை மக்கள் வாக்குக்கு விட்டார், நான்கும் தோற்றன. தன்மேல்தான் தவறு என்று ஒப்புக்கொண்டு, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஒரு பெண்மணியைத் தன் அலுவலகத் தலைவராக வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் மறுபடி ஜெயித்தார்.

என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நான் கணக்கராக இருந்த சின்ன நகராட்சி ஒன்றுக்கு மெல்லிசைக் கச்சேரிப் பாடகர் ஒருவர் தலைவராக வந்தார். அந்த வட்டாரத்தில் அவர் பாடாத திருவிழா கிடையாது. முதல் வாரமே புதுப் பேருந்து நிலையம் கட்ட மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் சொன்னார். எங்கள் மேலாளர் ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்த மனிதர். வரவு செலவுப் புத்தகத்தைத் தலைவர் மேஜையில் விரித்துவைத்து, ஸ்கேலை ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்திக் காட்டினார். துப்புரவுப் பணியாளர் சம்பளம், ஓய்வூதியப் பங்கு, தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மின்கட்டணம், பழைய கடன் தவணை. கடைசி வரிக்கு வந்தபோது மிச்சம் இருந்ததில் ஒரு வார்டுக்குச் சாக்கடை கட்டலாம். தலைவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை ஏன் யாரும் எனக்கு ஓட்டுக் கேட்கும்போது சொல்லலை?" என்றார். "நீங்க கேட்கலைங்க" என்றார் மேலாளர்.

அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது. மேலாளரை எங்கேயாவது தூக்கி அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கோப்பு வந்தாலும், மேலாளர் குறிப்பு எழுதியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார். "இயலாது" என்று எழுதியிருந்தால் ஆளைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பார். இரண்டு தடவை மேலாளர் சொன்னதை மீறியும் செய்தார், அதில் ஒன்று சரியாகவே அமைந்தது. பேருந்து நிலையம் அவர் காலத்தில் வரவில்லை. மூன்று வார்டுகளுக்குச் சாக்கடை வந்தது.

அதனால், நடிகர் என்பதற்காக யாரையும் தள்ளிவைக்க நான் சொல்ல மாட்டேன். கவுன்சிலராக இருந்திருந்தால் நல்லது, ஆனால் அது ஒன்றே போதும் என்றும் சொல்ல மாட்டேன். அவரைச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். அவர் சொன்னதை மறுத்துப் பேசிவிட்டு இன்னும் அதே கட்சியில் இருப்பவர் ஒருவராவது உண்டா? நிருபர்களின் கேள்விக்கு எழுதிவைத்த தாள் இல்லாமல் பதில் சொல்கிறாரா? மாவட்டப் பொறுப்பில் இருப்பவர் ரசிகர் மன்றத்தில் பேனர் கட்டியவர் மட்டும்தானா, இல்லை, ஒரு ரேஷன் கார்டு பிரச்சினைக்காகத் தாலுகா அலுவலக வாசலில் நின்றவரா? தோற்றுவிட்டால் ஐந்து வருஷம் எதிர்வரிசையில் உட்காருவாரா, படப்பிடிப்புக்குப் போய்விடுவாரா? இன்று களத்தில் இருக்கும் யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. பெயரைப் பார்த்ததும் பாதிப் பேர் கேள்வியை மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று, உங்கள் மாவட்டத்து விஷயம். சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் கொண்டுவரும் ஒப்பந்தத்தை 1983 ஏப்ரலில் செய்துகொண்டது எம்.ஜி.ஆர். அரசும் என்.டி.ஆர். அரசும்தான். கால்வாய் வெட்டி, தண்ணீர் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது 1996இல். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரிலேயே போய்விட்டார். என்.டி.ஆர். அந்த 1996 ஜனவரியில் இறந்தார், தண்ணீர் செப்டம்பரில் வந்தது. கைதட்டல் உடனே கிடைத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பதின்மூன்று வருஷம் எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று பூண்டிப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். சித்தப்பாவையும் ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், உங்கள் ஊரிலிருந்து தூரம் இல்லை.

தேர்வுக்கு என் வாழ்த்துகள். முடிவு வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.