‘ஸ்கின் கலர்’ யாருடைய கலர்?

கேள்வி: என் மகள் கிரேயோலா (மெழுகுக் கலர்க் குச்சி) பெட்டி கேட்கிறாள். ‘ஸ்கின் கலர்’ இருக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்க நினைக்கிறேன். எத்தனை கலர் பெட்டி வாங்கலாம்? அந்தக் கம்பெனியின் வரலாற்றையும் சொல்லுங்களேன்.

பதில்: வரலாறு கொஞ்சம் பொறுக்கட்டும். ‘ஸ்கின் கலர்’ என்கிறீர்களே, யாருடைய ஸ்கின்? உங்கள் மகளின் கையை அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிறிய ஆரஞ்சில் ரோஜா கலந்தாற்போன்ற ஒரு நிறத்துக்கு இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தால், தன் தோல் வேறு ஏதோ கலர் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். சும்மா வாய்வழக்குத்தானே என்று இதை விட முடியாது.

கிரேயோலாவிலும் ஒரு குச்சியின் தாளில் ‘ஃப்ளெஷ்’, அதாவது சதை நிறம் என்று அச்சிட்டிருந்தது. 1962இல் அதை ‘பீச்’ என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் வலுத்திருந்த காலம் அது. குச்சி மாறவில்லை, தாளில் ஒரு சொல் மாறியது. அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கைவிட்ட பெயரை நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1992இல் பல தோல் நிறங்களுக்கென்று எட்டுக் குச்சிகள் கொண்ட பெட்டி வந்தது. 2020இல் தோல் நிறங்களே 24 கொண்ட ஒரு பெட்டி வந்தது.

வேறு பெயர்களும் மாறியிருக்கின்றன. பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யா என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னதால் 1958இல் ‘பிரஷ்யன் ப்ளூ’, ‘மிட்நைட் ப்ளூ’ ஆயிற்று. 1999இல் ‘இந்தியன் ரெட்’ போனது. அது நம் காவிக்கல்லின் உறவு: இரும்பு ஆக்சைடு, இந்தியப் பக்கத்து மண்ணிலிருந்து பெயர் பெற்ற நிறமி. ஆனால் அமெரிக்கப் பிள்ளைகள் சிலர் அதைத் தங்கள் நாட்டுப் பழங்குடி மக்களின் தோல் நிறமென்று நினைப்பதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். பொதுமக்களிடமே புதுப் பெயர் கேட்டு ‘செஸ்ட்நட்’ என்று வைத்தார்கள். காவியின் பெயர் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் மாற்றியது சரி. இரண்டு விரல் அகலத் தாளில் நிறமியின் வரலாற்றை விளக்க இடமில்லை. பிள்ளை படிப்பது அந்தப் பெயரை மட்டும்தான்.

அந்தக் கம்பெனியின் பிழைப்பே காவியிலும் கரியிலும்தான் தொடங்கியது. 1864இல் ஜோசப் பின்னி, நியூயார்க் மாநிலத்துப் பீக்ஸ்கில் ஊரில் ரசாயன ஆலை வைத்தார். விளக்குக்கரியும், பண்ணைக் கொட்டகைகளுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டுக்கான இரும்பு ஆக்சைடும் அங்கே விற்பனைச் சரக்கு. 1885இல் அவர் மகன் எட்வினும் எட்வினின் உறவினரான ஹரோல்ட் ஸ்மித்தும் சேர்ந்து ‘பின்னி அண்ட் ஸ்மித்’ ஆக்கினார்கள். இயற்கை எரிவாயுவைக் காற்றுப் போதாமல் எரித்து, படியும் புகைக்கரியைச் சுரண்டி எடுப்பது கார்பன் பிளாக். அதற்கு 1900இல் பாரிஸ் கண்காட்சியில் பரிசு வாங்கினார்கள். கார் டயர் முன்பு வெளுப்பாக இருந்தது. அதைக் கறுப்பாக்கியதும், சீக்கிரம் தேயாமல் காத்ததும் இந்தக் கரிதான்.

பள்ளிக்கூடத்துக்குள் அவர்கள் நுழைந்தது சிலேட்டுக் குச்சியோடு. 1900இல் பென்சில்வேனியாவின் ஈஸ்டனில் ஓர் ஆலையை வாங்கினார்கள். ஆசிரியர்கள் சாக்பீஸ் தூளைப் பற்றிக் குறைப்பட்டார்கள். 1902இல் தூசி பறக்காத சாக்பீஸ் வந்தது. பெட்டி, பீப்பாய்களில் குறி போட மெழுகும் கரியும் கலந்த குச்சி ஒன்றையும் செய்துவந்தார்கள். அதையே மெலிதாக்கி, நஞ்சில்லாத நிறமி சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததுதான் 1903இன் கிரேயோலா. எட்வினின் மனைவி ஆலிஸ், ஆசிரியையாக இருந்தவர். பிரெஞ்சில் சாக்பீஸுக்கு உள்ள ‘க்ரே’ என்ற சொல்லையும், எண்ணெய்ப்பசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முன்பாதியான ‘ஓலியா’வையும் சேர்த்து அவர்தான் பெயர் வைத்தார். பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம்: 1958இல் கூராக்கியோடு 64 கலர், 1984இல் வாழ்த்து அட்டைக் கம்பெனியான ஹால்மார்க் கைக்குப் போனது, 2007இல் கம்பெனியின் பெயரே கிரேயோலா.

அந்த முதல் பெட்டியின் விலை 5 சென்ட். உள்ளே எட்டே குச்சிகள்: கறுப்பு, பழுப்பு, நீலம், சிவப்பு, ஊதா, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. ‘ஸ்கின் கலர்’ அதில் இல்லை. தோல் வேண்டுமென்றால் பிள்ளை கலந்துதான் ஆக வேண்டும். ஆகவே எட்டுக் கலர் பெட்டியையே வாங்குங்கள். கூட ஒரு வெள்ளைக் குச்சி.

கலக்க ஒரு முறை இருக்கிறது. கிரேயான் என்பது பாரஃபின் மெழுகில் நிறமி. தண்ணீர்க் கலரைப் போல ஒன்றுக்குள் ஒன்று ஓடிக் கலக்காது, மேலே மேலே படியும். முதலிலேயே அழுத்தித் தேய்த்தால் தாளின் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டு, அடுத்த கலர் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் வழவழப்பான தாள் உதவாது. முதல் பூச்சு ஆரஞ்சு, கை பாரமே இல்லாமல், சிறு சிறு வட்டமாக. அதன்மேல் பழுப்பு, அதே மென்மையில். மாநிறத்துக்கு இந்த இரண்டே போதும். கருத்த தோலுக்குப் பழுப்பை இன்னொரு தடவை. கன்னத்துக்குச் சிவப்பு, பட்டும் படாமலும். மூன்று நான்கு பூச்சுக்கு மேல் தாள் ஏற்காது. வெளிச்சம் விழும் இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட்டு, எல்லாம் முடிந்தபின் வெள்ளைக் குச்சியால் அழுத்தித் தேய்த்தால் பூச்சுகள் இழைந்து ஒன்றாகும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அது மற்ற கலர்களில் ஈஷி முகத்தை அழுக்காக்கும். தாடைக்குக் கீழே, கழுத்தில், முதலில் ஊதாவை லேசாகப் போட்டு அதன்மேல் பழுப்பைப் போடச் சொல்லுங்கள்.