காணி உறுதியைப் பெட்டிக்குள் வையுங்கள்

கோப்பாயிலிருந்து ஓர் அம்மா, மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பொறியியலுக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) மட்டுமட்டாகத் தவறிவிட்டது. கொழும்பில் காசு கட்டியாவது எஞ்சினியராக்கச் சொல்லி, கனடாவிலிருக்கும் மாமா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். காணியை ஈடு வைக்க யோசனை. பிள்ளை வாயே திறக்கவில்லை.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். உறுதியைக் கையோடு கொண்டுவந்துவிட்டீர்களே! ஈடு வைக்க வேண்டாம். மாமா முதல் வருடம் அனுப்புவார், சரி. மிச்ச வருடங்களுக்கு யார் பொறுப்பு?

பிள்ளையிடம் தனியாகப் பேசினேன். பழுதான இன்வேட்டரைக் கழற்றிப் பார்த்த கதை வந்தபோதுதான் முகம் மலர்ந்தது. அவளுடைய புள்ளிக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம் கிடைக்கக்கூடும். "சும்மா பி.எஸ்சி.யா?" என்றீர்கள்.

அந்தச் சும்மாவைக் கேளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில், பௌதிகவியல் துறையில், தூய சக்திக்கென்றே ஓர் ஆய்வுகூடம் இருக்கிறது. நோர்வேயின் பேர்கன் நகரிலுள்ள மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு கைகோத்து, நோர்வே நிதியில் வளர்ந்தது. கண்ணாடித் துண்டில் டைட்டேனியம் டையொக்சைட் பசையை (வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும் அதே சாமான்தான்) மெல்லிதாகப் பூசி, சூளையில் சுட்டு, சாயத்தில் ஊறவிட்டு, செயற்கை வெயிலில் எவ்வளவு மின்னோட்டம் வருகிறதென்று அளப்பது ஒரு வகை வேலை. வழமையான சிலிக்கன் தகட்டைவிட மலிவாகச் சூரியக்கலம் செய்யும் முயற்சி. இந்தக் கூட்டுறவில் இங்கிருந்து மாணவர் பேர்கனுக்குப் போய் வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் வாய்க்காது, சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக முதல் வருடத்திலிருந்தே படிக்க வேண்டும். படித்து முடித்த கையோடு வேலை என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை, காணியும் உங்களுடையதாகவே இருக்கும்.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியைப் பாருங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான சூரிய, காற்று மின்திட்டம் 2021இல் சீனக் கம்பனி கைக்குப் போனது; இந்தியா முகம் சுளித்தது; கடைசியில் 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையானது. நாடுகள் இப்படி இழுபறிப்பட்டுத்தான் உதவும். ஆனால் அந்தத் திட்டத்தின் 2,400 கிலோவாட்மணிப் பற்றரி மக்கர் பண்ணினால், குறிகட்டுவான் துறையில் படகேறிப் போய்ப் பார்க்க இங்கத்தைய ஆள் வேண்டுமே!

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவு வரிசையைப் பிள்ளையே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். அப்புறம், மாமாவின் நம்பரைத் தந்துவிட்டுப் போங்கள். நான் பேசுகிறேன்.