தொடர்பு விட்டுப்போன ஆய்வுப் பங்கேற்பாளர்களைத் தேடுவது எப்படி?

பத்து வருடம் முன்பு ஆய்வில் சேர்ந்தவர்கள் வீடும் போன் எண்ணும் மாற்றிவிட்டார்கள், ஃபேஸ்புக்கில் தேடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படியுங்கள். மீண்டும் தொடர்புகொள்ள அதில் அனுமதி இருக்கிறதா, எந்த வழிகளில்? இல்லையென்றால், தேடும் முன்பே, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டும்.

அனுமதி இருந்தாலும் ஆய்வின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எச்ஐவி, மனநலம், போதைப் பழக்கம் பற்றிய ஆய்வு என்றால் உறவினரிடம் சொல்லும் ஒரு வார்த்தை போதும், குடும்பமே கலங்கிவிடும். அதனால் கடிதம் அனுப்பினால், உறையில் ஆய்வின் பெயருக்குப் பதில் பொதுவான பெயர் மட்டும் போடுங்கள். போனை வேறு யாராவது எடுத்தால், திரும்ப அழைக்கச் சொல்லி எண்ணைக் கொடுத்து வைத்துவிடுங்கள். ஃபேஸ்புக்கில் பொதுப் பதிவில் பெயரைக் குறிப்பிடவே கூடாது. முகவரிப் பட்டியலை ஆய்வுத் தரவோடு சேர்க்காமல் தனியே பூட்டி வையுங்கள்.

பதிலே தராத ஒருவரை எத்தனை முறை அழைப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். 'வேண்டாம்' என்றால் அதோடு சரி.

அடுத்த ஆய்வில் சேர்க்கும்போதே, தொடர்புக்கு இரண்டு பேரைப் பங்கேற்பாளரே சொல்லட்டும். பிரிட்டனில் 1946-இல் பிறந்தவர்களைப் பின்தொடரும் ஆய்வில் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி அது.